உடைந்த பொதிகளைப் பிடித்து வைத்திருப்பது யார்?

(ஆய்வு மாணவர்களுக்கான இரண்டு நாள் கணினிப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘சமூக ஆய்வில் கணினி’. நாற்பது நிமிடத்தில் பேசி முடிக்கக்கூடிய தலைப்பு இல்லை இது. அதனால் அதன் வாசற்படியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஆர், பைத்தான் போன்ற மொழிகளையும் அவற்றுக்கு வேண்டிய துணைக் கருவிகளையும் கணினியில் ஏற்றுகிற வேலையைத்தான் வாசற்படி என்று சொல்கிறேன். ஆர்வத்தோடு வருகிறவர்களில் பலர் இந்த இடத்திலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள். போகும்போது ‘எனக்குக் கணினி வராது’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்குக் கணினி வராமல் இல்லை. அவர்களிடம் கணினி பேசிய பேச்சு சரியில்லை. இதைத்தான் இன்று விளக்கப் போகிறேன்.

நான் கணினி அறிவியல் படித்தவர் இல்லை. என் முனைவர் பட்ட ஆய்வு விவசாயக் கூலி பற்றியது. தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளை எடுத்து, எந்தச் சமூகப் பிரிவினருக்கு எத்தனை நாள் வேலை கிடைத்தது, என்ன கூலி கிடைத்தது என்று பிரித்துப் பார்ப்பது என் அன்றாட வேலை. இந்தத் தரவு பொதுவில் இருக்கிறது, கேட்கிற எவருக்கும் கிடைக்கும். ஆனால் அதைத் திறந்து கணக்குப் போடக் கருவி இல்லாதவர்கள், வேறு யாரோ போட்டுக் கொடுத்த அட்டவணையை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். நமக்கு வேண்டிய அட்டவணையை யாரும் போடவில்லை என்றால், அந்தக் கேள்வியை நாம் கேட்கவே முடியாது. கருவியை ஏற்றுகிற சின்ன விஷயத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேச இதுதான் காரணம்.

முதலில் பொதி மேலாளர் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘பேக்கேஜ்’ என்பதைத் தமிழ்க் கணிமைக்காரர்கள் பொதி என்கிறார்கள். சுமை மூட்டைக்கு நம் ஊரில் சொல்கிற அதே பொதிதான். யாரோ எழுதி, மூட்டை கட்டி, பொதுக் கிடங்கில் வைத்திருக்கும் மென்பொருள். அந்தக் கிடங்கிலிருந்து மூட்டையை எடுத்துவந்து நம் கணினியில் இறக்கித் தரும் நிரல்தான் பொதி மேலாளர். உபுண்டுவில் அதன் பெயர் ஆப்ட். பைத்தானுக்குப் பிப். ஜாவாஸ்கிரிப்டுக்கு என்பிஎம். ஆர் மொழியில் தனிப் பெயர் கிடையாது, ‘இன்ஸ்டால் பேக்கேஜஸ்’ என்று ஒரு கட்டளை.

ஒரு பொதி தனியாக வராது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அதற்கு இன்னொன்று வேண்டும், அந்த இன்னொன்றுக்கு வேறு இரண்டு வேண்டும், அவையும் குறிப்பிட்ட பதிப்பில் வேண்டும். நீங்கள் ஒன்று கேட்டால் பின்னால் எண்பது வரும். 2016 மார்ச் மாதத்தில் என்பிஎம் கிடங்கிலிருந்து ‘லெஃப்ட்-பேட்’ என்ற பொதியை அதன் ஆசிரியர் எடுத்துவிட்டார். மொத்தம் 11 வரி நிரல். ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் இடைவெளியோ சுழியோ சேர்ப்பதுதான் அதன் வேலை. அது இல்லாமல் போனதும் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான மென்பொருள் வேலைகள் நின்றன. அப்படி ஒரு பொதி இருப்பதே தெரியாதவர்களின் திரையில் எல்லாம் ‘லெஃப்ட்-பேட் கிடங்கில் இல்லை, 404’ என்று வந்தது. கேட்காத ஒன்றைப் பற்றி, பெயர்கூடக் கேள்விப்படாத ஒன்றைப் பற்றி, உங்களிடம் முறையிடுவதுதான் இந்தப் பிழைச்செய்திகளின் பொதுக் குணம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். உபுண்டு பயன்படுத்துகிற எல்லோரும் என்றாவது ஒருநாள் பார்க்கிற வாக்கியம் ஒன்று உண்டு: ‘அனேபிள் டு கரெக்ட் ப்ராப்ளம்ஸ், யூ ஹேவ் ஹெல்டு ப்ரோக்கன் பேக்கேஜஸ்.’ தமிழில் சொன்னால், ‘சிக்கல்களைச் சரிசெய்ய இயலவில்லை, நீங்கள் உடைந்த பொதிகளைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.’

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ‘நீங்கள்’ என்று தொடங்கி நேராகக் குற்றம் சாட்டுகிறது. பிடித்து வைத்தல் என்பது ஆப்ட் உலகத்தில் ஒரு கலைச்சொல். ஒரு பொதியைப் புதுப்பிக்காதே, இருக்கிற பதிப்பிலேயே நிறுத்தி வை என்று பயனர் கட்டளை கொடுப்பதற்கு ‘ஹோல்டு’ என்று பெயர். அப்படி எதையாவது நிறுத்தி வைத்திருக்கிறோமா என்று பார்க்க ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு’ என்று ஒரு கட்டளை உண்டு. இந்தச் செய்தி வந்தவர்கள் அந்தக் கட்டளையை ஓட்டிப் பார்த்தால், பெரும்பாலும் வெற்றுத் திரைதான் வரும். யாரும் எதையும் பிடித்து வைக்கவில்லை. எதுவும் உடையவும் இல்லை.

அப்படியானால் என்ன நடந்தது? வழக்கமான காரணம் இதுதான். உபுண்டுவின் சொந்தக் கிடங்கைத் தவிர வேறொரு கிடங்கை எப்போதோ சேர்த்திருப்பீர்கள். புதிய ஆர் பதிப்பு வேண்டும் என்று ஏதோ ஒரு வழிகாட்டியைப் பார்த்துச் சேர்த்திருக்கலாம். அந்தக் கிடங்கிலிருந்து ஒரு நூலகத்தின் புதிய பதிப்பு வந்து உட்கார்ந்திருக்கும். இப்போது நீங்கள் கேட்கும் பொதிக்கு அதே நூலகத்தின் பழைய பதிப்பு வேண்டும். இரண்டும் ஒரே கணினியில் ஒன்றாக இருக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். இந்தத் தகவல் ஆப்டிடம் இருக்கிறது. கடைசி வரிக்குச் சற்று மேலே, ‘இன்னது இன்ன பதிப்பைச் சார்ந்திருக்கிறது, ஆனால் ஏறவிருப்பது வேறு பதிப்பு’ என்று ஒரு வரி இருக்கும். உண்மையான செய்தி அதுதான். ஆனால் பழகாத கண் எங்கே போகும்? கடைசி வரிக்குத்தான் போகும். அந்தக் கடைசி வரிக்கு முன்னால் ‘ஈ’ என்ற எழுத்துப் போட்டு, பிழை இதுதான் என்று ஆப்டே சுட்டியும் காட்டுகிறது.

அதற்கும் மேலே இன்னொரு பத்தி வரும். ‘நீங்கள் நடக்கவே முடியாத நிலையைக் கேட்டிருக்கலாம், அல்லது நிலையற்ற வெளியீட்டைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், தேவையான சில பொதிகள் இன்னும் இன்கமிங்கிலிருந்து நகர்த்தப்படாமல் இருக்கலாம்’ என்பது அதன் சாரம். இன்கமிங் என்றால் என்ன? டெபியன் திட்டத்தில், ஆக்குநர்கள் புதிதாக ஏற்றுகிற பொதிகள் முதலில் வந்து இறங்கும் இடத்தின் பெயர். டெபியனை உருவாக்குகிறவர்களின் பின்கட்டு அது. அந்த வீட்டுக்குள் புழங்குகிறவர்களுக்கு அந்தப் பெயர் இயல்பானது. வாசலில் நிற்கிற நமக்கு அது என்ன என்று தெரிய வாய்ப்பே இல்லை. ஒருகாலத்தில் எழுதியவரும் படித்தவரும் அந்த வீட்டுக்காரர்களாகவே இருந்தார்கள். அப்போது எழுதிய வாக்கியம் இன்று முதலாண்டு மாணவியின் திரையிலும் அப்படியே வந்து நிற்கிறது.

இதையெல்லாம் தமிழில் மொழிபெயர்த்துவிட்டால் போதும் என்று நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. தமிழ்ப்படுத்துவதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சற்றுமுன் நான் தமிழில்தானே சொன்னேன்? ‘உடைந்த பொதிகளைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.’ யாருக்காவது ஏதாவது விளங்கியதா? ஆங்கிலத்தில் இருப்பது ஒரு தடை என்பது உண்மை. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களும் இதே வாக்கியத்தின் முன்னால் திகைத்துத்தான் நிற்கிறார்கள். ஆனால் நம்மவர்கள் திகைக்கும்போது ‘எனக்கு ஆங்கிலம் போதாது’ என்ற முடிவுக்கு வருகிறார்கள். செய்தியில் உள்ள குறையையும் நம் கணக்கில் எழுதிக்கொள்கிறோம்.

அடுத்த வகை, கைகழுவும் செய்திகள். பிப் ஒரு பொதியை ஏற்ற முடியாமல் நிற்கும்போது, ‘இந்தப் பிழை ஒரு துணைச்செயலில் தோன்றியது, இது பெரும்பாலும் பிப்பின் கோளாறு அல்ல’ என்று ஒரு குறிப்பு வரும். என்பிஎம்மும் ‘இது அநேகமாக என்பிஎம்மின் கோளாறு அல்ல’ என்று பல ஆண்டுகள் சொல்லி வந்தது. அரசு அலுவலகத்துக்குப் போனால் ‘இது எங்கள் பிரிவு இல்லை’ என்பார்களே, அதே குரல். எந்தப் பிரிவு என்று சொன்னாலாவது பரவாயில்லை.

இதில் அவர்கள் பக்கத்து நியாயமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. யாரோ எழுதிய பொதியில் உள்ள கோளாறுக்கெல்லாம் பிப்பின் கதவைத்தான் எல்லோரும் தட்டினார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிற தன்னார்வலர்கள். முறையீடுகள் குவிந்த பிறகு, வாசலில் ஒரு பலகையை மாட்டினார்கள். அது பொய்யும் இல்லை. உண்மையிலேயே கோளாறு வேறிடத்தில்தான் இருக்கும். பெரும்பாலும் சி மொழியில் எழுதிய ஒரு பகுதியை உங்கள் கணினியிலேயே தொகுக்க வேண்டியிருக்கும், அதற்கான தலைப்புக் கோப்பு உங்களிடம் இருக்காது. ‘பைத்தான்.ஹெச் என்ற கோப்பு இல்லை’ என்று ஒரு வரி, இருநூறு வரிக் குப்பைக்கு நடுவில் கிடக்கும். உபுண்டுவில் ‘பைத்தான்3-டெவ்’ என்ற பொதியை ஏற்றினால் அது சரியாகிவிடும். இந்த ஒரு வரி தெரிந்தவருக்கு இரண்டு நிமிட வேலை. தெரியாதவருக்கு அந்தப் பருவமே போய்விடும்.

ஆர் மொழியில் இது இன்னும் வேடிக்கை. நம் பயிலரங்கில் பலரும் ஏற்ற முயல்வது ‘டைடிவெர்ஸ்’ என்ற பொதித் தொகுதியை. விண்டோஸில் தொகுத்து முடித்த பொதியே வந்துவிடும், சிக்கல் குறைவு. லினக்ஸில் பெரும்பாலும் மூலநிரலாக வந்து உங்கள் கணினியிலேயே தொகுக்கப்படும். டைடிவெர்ஸுக்கு ‘ஆர்வெஸ்ட்’ வேண்டும், ஆர்வெஸ்டுக்கு ‘எக்ஸ்எம்எல்2’ வேண்டும். எக்ஸ்எம்எல்2 தடுக்கி விழுந்தால் ஆர்வெஸ்ட் விழும், பிறகு டைடிவெர்ஸ் விழும். அரைமணி நேரம் ஓடி முடிந்தபின் கடைசியில் வருவது, ‘இன்ன பொதியின் நிறுவலில் நான்-ஜீரோ எக்ஸிட் ஸ்டேட்டஸ் இருந்தது’ என்ற வரிகள்.

எக்ஸிட் ஸ்டேட்டஸ் என்பது ஒரு நிரல் முடியும்போது விட்டுச் செல்லும் எண். சுழி என்றால் வேலை நல்லபடி முடிந்தது, வேறு எந்த எண் என்றாலும் முடியவில்லை. ஆகவே அந்த வாக்கியத்தின் பொருள்: நிறுவல் தோற்றது, ஏனென்றால் தோற்றது. அதோடு, ஆர் இதைப் பிழை என்றுகூடச் சொல்வதில்லை, ‘எச்சரிக்கை’ என்ற தலைப்பில்தான் போடுகிறது. எச்சரிக்கைதானே என்று நகர்ந்துவிட்டு, மறுநாள் ‘அப்படி ஒரு பொதியே இல்லை’ என்று வரும்போது விழிக்கிறவர்கள் ஏராளம்.

இன்னொன்று: ‘இன்ன பொதி கிடைக்கவில்லை, ஆர் பதிப்பு இன்னதற்கு’ என்ற செய்தி. நெடுங்காலம் இந்த ஒரே வாக்கியம்தான் நான்கைந்து வேறுவேறு சிக்கல்களுக்கும் பதிலாக வந்தது. பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும் இதுதான். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் இதுதான். பொதியைக் கிடங்கிலிருந்தே எடுத்துவிட்டிருந்தாலும் இதுதான். உங்கள் ஆர் உண்மையிலேயே பழையதாக இருந்தாலும் இதுதான். எழுத்துப்பிழை செய்தவர் பதிப்பு எண்ணைப் படித்துவிட்டு, ஆர் மொழியையே அழித்துப் புதிதாக ஏற்றுவார். பிறகும் அதே செய்தி வரும். இப்போது வாக்கியத்தை மாற்றி, வேறு வழிகளைப் பார்க்க ஒரு கையேட்டின் முகவரியையும் சேர்த்திருக்கிறார்கள். கொஞ்சம் தேறியிருக்கிறது.

நல்ல செய்தி எப்படி இருக்கும் என்றும் பார்க்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அது அதே எக்ஸ்எம்எல்2 பொதிக்குள்தான் இருக்கிறது. அந்த இருநூறு வரிகளுக்குள் கோடு போட்டுப் பிரித்த ஒரு பகுதி வரும். அதன் சாரம்: ‘லிப்எக்ஸ்எம்எல் கிடைக்காததால் அமைப்பு நின்றுவிட்டது. இதை நிறுவிப் பாருங்கள். டெபியன், உபுண்டு என்றால் லிப்எக்ஸ்எம்எல்2-டெவ். ஃபெடோரா, சென்ட்ஓஎஸ் என்றால் லிப்எக்ஸ்எம்எல்2-டெவெல்.’ எவ்வளவு அழகு பாருங்கள். என்ன இல்லை என்று சொல்கிறது, உங்கள் கணினியில் அதற்கு என்ன பெயர் என்று சொல்கிறது, அடுத்து எதை நிறுவ வேண்டும் என்றும் சொல்கிறது. கர்ல், ஓபன்எஸ்எஸ்எல் போன்ற வேறு சில ஆர் பொதிகளிலும் இதே மாதிரி உண்டு. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கையால் எழுதி வைத்த சில வரிகளை அச்சிடுகிற சின்ன நிரல்தான். அதை எழுதியவர், படிக்கப் போகிறவர் எந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருக்கிறார். இந்த நல்ல செய்தியும் ‘நான்-ஜீரோ எக்ஸிட் ஸ்டேட்டஸ்’ என்ற கடைசி வரிக்கு மேலே, யாரும் உருட்டிப் பார்க்காத இடத்தில் புதைந்துபோவதுதான் வருத்தம்.

எல்லாவற்றிலும் குட்டையான செய்தி ஒன்று இருக்கிறது. ஒரே சொல்: ‘கில்டு’. கொல்லப்பட்டது. குறைந்த நினைவகம் உள்ள பழைய மடிக்கணினிகளில் இது அதிகம். அரசு கொடுத்த மடிக்கணினியை இன்னும் வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். பைத்தானில் ‘டார்ச்’ போன்ற நூற்றுக்கணக்கான எம்பி எடையுள்ள பொதியை ஏற்றும்போது, இறக்கமெல்லாம் நன்றாக முடியும், கடைசியில் ‘கில்டு’ என்று மட்டும் வந்து நிற்கும். நினைவகம் தீர்ந்துபோனால், கணினியையே காப்பாற்ற லினக்ஸ் கருனி அதிகம் தின்கிற செயலைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். கொல்லப்பட்ட பிப்புக்குக் கடைசி வார்த்தை சொல்லக்கூட நேரம் கிடைக்காது. காரணம் வேறொரு பதிவேட்டில், ‘டிமெசேஜ்’ என்ற கட்டளை போட்டால் மட்டும் தெரியும் இடத்தில் எழுதப்பட்டிருக்கும். ‘நினைவகம் தீர்ந்தது, இன்ன செயல் கொல்லப்பட்டது’ என்று அங்கே தெளிவாகவே இருக்கும். தற்காலிக நகல் சேமிக்காமல் ஏற்று என்று ‘நோ-கேஷ்-டிர்’ சேர்த்தால் பல நேரம் ஏறிவிடும். ஆர் பொதியைத் தொகுக்கும்போது இதே காரணத்தால் சி++ தொகுப்பி கொல்லப்பட்டால், அதன் பழைய பதிப்புகள் ‘தொகுப்பியின் உட்பிழை’ என்று அறிவித்து, ‘முழுமையான வழு அறிக்கை அனுப்புங்கள்’ என்று கேட்கும். நினைவகம் வாங்கக் காசில்லாதவரிடம் அறிக்கை எழுதச் சொல்கிறது.

செய்திகள் காட்டுகிற குறுக்குவழிகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். 2023 ஜூனில் டெபியன் 12 வந்தது முதல், டெபியன், உபுண்டு கணினிகளில் நேரடியாகப் பிப் கட்டளை போட்டால், ‘இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது’ என்று நின்றுவிடும். கணினியே தன் தேவைக்குப் பைத்தானைப் பயன்படுத்துவதால், அதில் நாம் கைவைத்து உடைத்துவிடக் கூடாது என்பதற்கான தடுப்பு. நல்ல நோக்கம். செய்தியும் நீளமாக, பொறுமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. தனிச் சூழல் அமைத்துக்கொள்ளும் கட்டளையைக்கூடச் சொல்லித் தருகிறது. ஆனால் ‘ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-எக்ஸ்ஒய்இசட்’ என்று எடுத்துக்காட்டுக் கொடுத்தால், எக்ஸ்ஒய்இசட் என்பதை அப்படியே தட்டச்சு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரிக்காதீர்கள். அந்த இடத்தில் பொதியின் பெயரைப் போட வேண்டும் என்று தெரிந்திருக்க, அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்திருக்க வேண்டும். இதே செய்தியின் அடியில், இதை மீற வேண்டுமானால் ‘பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ என்று சேர்க்கலாம் என்றும் இருக்கும். கணினியின் பொதிகளை உடை என்று பெயர். பெயரிலாவது ஒளிவுமறைவு இல்லை, அதற்குப் பாராட்டலாம். ஆனால் நள்ளிரவில், மறுநாள் வழிகாட்டியிடம் வரைபடம் காட்ட வேண்டியவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? உடனே வேலை நடப்பதைத்தான். என்பிஎம் 2020இல் வெளியிட்ட ஏழாம் பதிப்பிலிருந்து பொதி முரண்பாடு வந்தால் நின்றுவிடுகிறது, நிற்கும்போதே ‘ஃபோர்ஸ்’ போட்டு மீறலாம் என்றும் சொல்கிறது. மீறினால் பின்னால் என்ன ஆகும் என்று புரியும்படி விளக்குவதில்லை.

இப்போது நீங்கள் கேட்கலாம், உண்மையிலேயே இது கடினமான வேலையாக இருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று. நியாயமான கேள்வி. ஒன்றையொன்று சார்ந்த பொதிகளுக்கு எல்லாம் ஒத்துப்போகும் பதிப்புகளைத் தேடுவது, கணிதத்தில் ‘என்பி-முழுமை’ என்ற வகையைச் சேர்ந்த கணக்கு. எல்லா நிலைமைக்கும் வேகமாக விடை தரும் வழி எவரிடமும் இல்லை. விடை இல்லை என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை, ஏன் இல்லை என்று மனிதருக்குப் புரியும்படி சொல்வது வேறொரு வேலை. முதலாவதைச் செய்தவர்கள் இரண்டாவதை நெடுங்காலம் தொடவில்லை.

தொட்டபோது முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2018இல் நடாலி வைசன்பாம் என்ற நிரலாளர், டார்ட் மொழியின் பொதி மேலாளருக்காகப் ‘பப்கிரப்’ என்ற வழிமுறையை உருவாக்கினார். தேடிப் போகும்போது எந்த வழி ஏன் அடைபட்டது என்று குறித்துக்கொண்டே போகும். முடிவில் ‘அ என்பதற்கு இ-யின் பழைய பதிப்பு வேண்டும், ஆ என்பதற்குப் புதிய பதிப்பு வேண்டும், ஆகவே இரண்டையும் சேர்த்து ஏற்ற முடியாது’ என்று வழக்கறிஞர் வாதம் போல அடுக்கிச் சொல்லும். இன்று பைத்தானுக்கான ‘யூவி’ உட்படப் பல கருவிகள் அந்த வழியில் போகின்றன. பிப்பின் கதையும் அப்படித்தான். 2019இல் மொசில்லாவும் சான் ஸக்கர்பெர்க் இனிஷியேட்டிவும் சேர்ந்து 4,07,000 டாலர் கொடுத்தன. அதன் பிறகுதான் ஊதியம் பெற்ற ஆட்கள் உட்கார்ந்து, பயனர்களிடம் கேட்டு, முரண்பாட்டைக் கண்டறியும் பகுதியைத் திருத்தி எழுதினார்கள். 2020 நவம்பரில் வந்த 20.3 பதிப்பில் அது நடைமுறைக்கு வந்தது. எந்த இரண்டு பொதி மோதுகின்றன, எதன் பொருட்டு மோதுகின்றன என்று இப்போது பிப் பெயர் சொல்லிக் காட்டுகிறது. கணக்கு அதே கடினமான கணக்குதான். படிக்கிறவரைப் பற்றிக் கவலைப்படுவதைச் சிலருக்கு வேலையாகக் கொடுத்தார்கள், அவ்வளவுதான் மாறியது.

சரி, செய்தி இவ்வளவு மோசமாக இருந்தும் எத்தனையோ பேர் இந்த வாசற்படியைத் தாண்டியிருக்கிறார்களே, எப்படி? செய்தியைப் படித்துத் தாண்டியவர்கள் குறைவு. பக்கத்தில் ஆள் இருந்ததால் தாண்டினார்கள். அண்ணன் ஐடியில் இருப்பார், மாமா பெங்களூரில் இருப்பார், விடுதி அறைத் தோழன் பொறியியல் படித்திருப்பான். ‘அதுவா, டெவ் பொதியை ஏற்று’ என்று போனில் ஒரு வரி. எழுதி வைக்காமல் வாய்வழியாகப் போகும் அறிவு எந்தெந்த வீடுகளுக்குப் போகும், எந்தத் தெருவோடு நின்றுவிடும் என்று இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை. மென்பொருள் இலவசம், தரவு பொது, ஆனால் அதை ஏற்றுகிற சூட்சுமம் மட்டும் தெரிந்தவர் தெரிந்தவருக்குச் சொல்வதாக இருக்கிறது. யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். விளைவு அதனால் மாறிவிடவில்லை.

எங்கள் துறையில் முதுகலை படித்த ஒரு தோழி, தன் ஊரின் நிலவுடைமையைக் கணக்கெடுப்புத் தரவோடு ஒப்பிட்டு ஆய்வேடு எழுத நினைத்தார். குடும்பத்தில் முதல் பட்டதாரி. மூன்று வாரம் டைடிவெர்ஸை ஏற்றப் போராடினார். துறையில் கேட்டதற்கு ‘அடிப்படைகூடத் தெரியாமல் ஏன் இந்தத் தலைப்பை எடுத்தாய்’ என்று பதில் வந்தது. தலைப்பை மாற்றிக்கொண்டார். நல்ல ஆய்வேடுதான் எழுதினார், அதில் குறையில்லை. ஆனால் அந்த நிலக்கணக்கை இன்றுவரை யாரும் போடவில்லை.

இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் பிழைச்செய்தியை ஒட்டிக் கேட்டுவிடுகிறார்கள். நானும் கேட்கிறேன். போனில் சொல்ல அண்ணன் இல்லாதவர்களுக்கு அது உண்மையிலேயே பெரிய உதவி. இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ‘ஃபோர்ஸ்’, ‘பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ போன்ற குறுக்குவழிகளை அவை தயங்காமல் எடுத்துக் கொடுக்கும். சில சமயம் கிடங்கில் இல்லவே இல்லாத பொதியின் பெயரையும் நிச்சயமான குரலில் சொல்லும். அந்தப் பெயரில் யாராவது தீய நிரலை ஏற்றி வைத்திருந்தால், நீங்களே அதைக் கூப்பிட்டு வீட்டுக்குள் விட்டவராவீர்கள். பெயரைக் கிடங்கின் பக்கத்தில் போய்ச் சரிபார்த்த பிறகே ஏற்றுங்கள். பைத்தானில் நிரலுக்குள் அழைக்கும் பெயரும் பொதியின் பெயரும் வேறாக இருக்கும் என்பதால் இந்தக் குழப்பம் எளிதில் நேரும். நிரலில் ‘எஸ்கேலேர்ன்’ என்று எழுதுவோம், ஏற்ற வேண்டியது ‘சைகிட்-லேர்ன்’. இப்போது எஸ்கேலேர்ன் என்று கேட்டால், ‘அந்தப் பெயர் கைவிடப்பட்டது, சைகிட்-லேர்ன் என்று கேளுங்கள்’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. இதுவும் நல்ல செய்திதான், பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் என்றதும் நான் கேட்க வந்த உதவியைச் சொல்லிவிடுகிறேன். நம் குழுவுக்குப் பொதுவான ஒரு குறிப்பேடு தொடங்கலாம். யாருக்கு எந்தப் பிழைச்செய்தி வந்தாலும் அதில் பதிய வேண்டும். செய்தியை மட்டும் ஒரு எழுத்து மாறாமல், வந்தபடியே, ஆங்கிலத்திலேயே பதியுங்கள். அப்போதுதான் அடுத்தவர் தேடும்போது அகப்படும். செல்பேசியில் திரையைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள், படத்துக்குள் தேட முடியாது, கடைசி ஐந்து வரிதான் அதில் விழும். கட்டளையிலிருந்து முடிவுவரை முழுவதையும் நகலெடுத்து ஒட்டுங்கள். எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, நினைவகம் எவ்வளவு என்று சேருங்கள். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி உருட்டிக்கொண்டே போய், ‘எரர்’ என்ற சொல் முதன்முதலாக எங்கே வருகிறது என்று பார்த்து அந்த வரியை அடிக்கோடிடுங்கள். பத்தில் ஏழு எட்டு முறை காரணம் அங்கேதான் இருக்கும், என் அனுபவத்தில். பிறகு என்ன செய்து சரியானது என்று தமிழில், பக்கத்து வீட்டுத் தங்கைக்குச் சொல்வது போல எழுதுங்கள்.

கொஞ்சம் துணிந்தவர்கள் இன்னொன்றும் செய்யலாம். இந்தக் கருவிகள் எல்லாம் திறந்த மூல நிரல்கள். எந்த வாக்கியம் புரியவில்லை, அதைப் படித்துவிட்டு என்ன தவறான காரியம் செய்தோம், எப்படி எழுதியிருந்தால் புரிந்திருக்கும் என்று அந்தந்தத் திட்டத்துக்கே எழுதி அனுப்பலாம். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, சேர்ந்து திருத்திக்கொள்வோம். ஒரு வாக்கியத்தை மாற்ற நிரலாளராக இருக்க வேண்டியதில்லை, அதைப் படித்துக் குழம்பியவராக இருந்தால் போதும். ‘உடைந்த பொதிகள்’ வாக்கியத்துக்கு ஒரு மாற்று வரைவு எழுதி வைத்திருக்கிறேன். உணவு இடைவேளையில் யாராவது பார்த்துக் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

 கேள்விகள் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.